கிட்டார் பிடிக்கும் கையில் என்ன இருக்கலாம்?

புனேயில் வார இறுதி வந்துவிட்டால், கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவர்களைக் கோத்ரூட், ஔந்த், கேம்ப் என்று எந்தப் பக்கமும் பார்க்கலாம். ஐந்து நாள் ஐ.டி. பகுதியான ஹிஞ்சவடியில் கணினிமுன் உட்கார்ந்தவர்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளை வகுப்பில் விடவந்து தாமும் கற்கத் தொடங்கிய அம்மாக்கள் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களோடு பலவகை அணிகளும் வகுப்புக்குள் வருகின்றன. ஒருவர் கையில் ஸ்மார்ட் வாட்ச். மணமாகிச் சில மாதமே ஆன பெண்ணின் கைகளில் மராத்திய வழக்கப்படி பச்சைக் கண்ணாடி வளையல். கழுத்தில் கருமணி கோத்த மங்களசூத்திரம். சீக்கிய இளைஞரின் மணிக்கட்டில் கடா என்ற எஃகுக் காப்பு. ஜோதிடர் சொன்னபடி ஆள்காட்டி விரலில் கனக புஷ்பராகம் போட்டவரும் உண்டு.

பெரும்பாலான வகுப்புகளில் இவர்களுக்குக் கிடைக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். அறிவுரை நல்லதுதான். ஆனால் காரணம் சொல்லப்படுவதில்லை. காரணம் தெரியாததால் கழற்றக்கூடியவர்கள் தவறானதைக் கழற்றுகிறார்கள். கழற்ற முடியாதவர்கள், இது நமக்கான கருவி இல்லையோ என்று தயங்குகிறார்கள். கடா ஒரு மத அடையாளம். பச்சை வளையலைக் கழற்றச் சொன்னால் முகம் சுருங்கும் வீடுகள் இன்னும் உண்டு. இதற்காக ஒருவர் இசையைக் கைவிடுவது நியாயமே இல்லை. அப்படிக் கைவிடத் தேவையும் இல்லை என்பதை இயற்பியலும் உடற்கூறியலும் தெளிவாகச் சொல்கின்றன.

கிட்டார் உடம்போடு ஒட்டி வாசிக்கப்படும் கருவி. வலக்கைப் பழக்கமுள்ளவரை எடுத்துக்கொண்டால், நகை அதைச் சந்திக்கும் இடங்கள் மூன்று: கழுத்தைப் பற்றும் இடக்கை, தந்தியை மீட்டும் வலக்கை, கிட்டாரின் முதுகு சாயும் மார்பு. (இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம்.) ஒரே நகை இந்த மூன்று இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சுருக்கமாகச் சொன்னால், இடக்கையில் தொல்லை இறுக்கத்தால் வருகிறது. வலக்கையில் தளர்வால் வருகிறது. மார்பில் கடினத்தால் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் எதைக் கழற்றுவது, எதை மூடுவது, எதை அப்படியே விடுவது என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

இடக்கை: இறுக்கம்

பெரும்பாலோர் கடிகாரம் கட்டுவது இடக்கையில். அந்தக் கடிகாரம் பெரும்பாலான நேரம் கிட்டாரைத் தொடுவதே இல்லை. மணிக்கட்டு கழுத்துக்குக் கீழே, வெளியே நிற்கிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளில் பன்னிரண்டாவதைத் தாண்டிப் போகும்போதுதான் அது உடல்பகுதியின் தோளை நெருங்கும். ஆகவே இங்கே கிட்டாரைப் பற்றிய கவலை குறைவு. கவலைப்பட வேண்டியது கையைப் பற்றி.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் எலும்புகளும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்து ஒரு குறுகலான குகையை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. முன்கையில் இருக்கும் தசைகள் இழுக்க, இந்த நாண்கள் குகைக்குள் முன்னும் பின்னும் வழுக்கிச் சென்று விரல்களை மடக்குகின்றன. கிட்டாரில் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடிக்கும்போது இடக்கை மணிக்கட்டு உள்நோக்கி மடங்குகிறது. அப்படி மடங்கும்போதே குகைக்குள் அழுத்தம் ஏறிவிடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு பட்டையும், உள்பக்கத்தில் அதன் உலோகக் கொக்கியும் அழுத்தினால் ஏற்கெனவே நெருக்கமான இடம் இன்னும் நெருக்கமாகிறது. கையை நேராக நீட்டியிருக்கும்போது கச்சிதமாக இருக்கும் பட்டை, மணிக்கட்டை மடக்கியதும் பிடிக்கத் தொடங்குவதை யாரும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம்.

கட்டைவிரல் பக்கத்தில் இன்னொரு நரம்பு இருக்கிறது. ஆரை நரம்பின் மேலோட்டமான கிளை அது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலுக்கு அடியிலேயே ஓடி, கட்டைவிரலின் புறப்பக்கத்துக்கும் ஆள்காட்டி விரலை ஒட்டிய புறங்கைக்கும் தொடு உணர்வைத் தருகிறது. இறுக்கமான பட்டையோ காப்போ இதை அழுத்தினால் அந்தப் பகுதி மரத்துப்போகும், எரியும். ராபர்ட் வார்ட்டன்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் இதை 1932-இல் விரிவாக விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். கைவிலங்கு போடப்பட்டவர்களுக்கும் இதே பாதிப்பு வருவதுண்டு. நடு நரம்பு அழுந்தினால் மரத்துப்போவது உள்ளங்கைப் பக்கம். ஆரை நரம்பு அழுந்தினால் புறங்கைப் பக்கம். வாசித்து முடித்த பிறகும் விரல்கள் மரத்திருந்தால் இந்த வேறுபாட்டைக் கவனித்து வைத்துக்கொள்வது மருத்துவரிடம் சொல்ல உதவும்.

ஆகவே இடக்கைக் கடிகாரத்தைப் பயிற்சியின்போது கழற்றிவிடுவதே நல்லது. மேடையில் நேரம் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பட்டையை இரண்டு துளை தளர்த்தி, முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளிக் கட்டலாம். மெல்லிய கடிகாரமாக இருந்தால் இன்னும் நல்லது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் 'எட்ஜ்' கடிகாரம் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். ஓசூரில் செய்து காட்டிய சாதனை அது. தடித்த ஸ்மார்ட் வாட்ச்சோடு ஒப்பிட்டால், மணிக்கட்டை மடக்கும்போது இதன் விளிம்பு புறங்கையில் குத்துவது மிகக் குறைவு.

இடக்கை மோதிரத்தில் கல் பொதுவாக வெளிப்பக்கம் பார்த்திருக்கும். கிட்டாரைத் தொடுவது விரலின் உள்பக்கத்தில் இருக்கும் வளையம்தான். ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் முழுப் பார் கார்டு பிடித்தால் அந்த வளையம் கழுத்தின் விளிம்பை நெருங்கி, ஃபிரெட்டுகளின் முனையில் உரசும். இந்த மோதலில் தோற்பது பெரும்பாலும் தங்கம்தான். 916 முத்திரை போட்ட 22 காரட் தங்கம் மென்மையானது. ஃபிரெட் கம்பியோ செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த கடினமான உலோகம். சில ஆண்டுகள் வாசித்தவர்களின் திருமண மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்கைப் பக்கம் மட்டும் பளபளப்பு மங்கி, மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவதைக் காணலாம்.

இடக்கை வளையல்களைப் பற்றிக் கவலையே வேண்டாம். கழுத்தைப் பற்றும்போது முன்கை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஈர்ப்பு விசை வளையல்களை மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் இறக்கிவிடும். கிட்டாருக்கு எட்டாத இடத்தில் அவை பாட்டுக்கு இருக்கும். கழற்ற வேண்டிய அவசியம் இல்லாத ஒன்றை, எல்லாவற்றையும் கழற்று என்ற பொது உத்தரவு கழற்ற வைக்கிறது.

வலக்கை: தளர்வு

வலக்கையில் நிலைமை நேரெதிர். முன்கை கிட்டாரின் அகன்ற பகுதியின் விளிம்பில் படிந்து, அங்கிருந்து தந்திகளை நோக்கிக் கீழே சரிகிறது. வளையல், பிரேஸ்லெட், கடா எதுவானாலும் கையை நோக்கி இறங்கிவரும். அந்தக் கை சும்மாவும் இருப்பதில்லை.

நிமிடத்துக்கு 120 தாளக்கட்டு வேகத்தில் ஒரு பாட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் கீழ், மேல், கீழ், மேல் என்று நான்கு மீட்டல். அப்படியானால் கை நொடிக்கு நான்கு முறை முழுசாக ஏறி இறங்குகிறது. மணிக்கட்டு நடுநிலையிலிருந்து மேலே 3 செ.மீ., கீழே 3 செ.மீ. நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருப்பத்திலும் முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 19 மீட்டர் வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. 100 கிராம் கடிகாரத்தைத் திருப்பி இழுக்க, அதன் எடையைப் போல இரு மடங்கு விசையைக் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டில் இப்படிப்பட்ட திருப்பங்கள் கிட்டத்தட்ட 1,900.

இங்கே ஒரு அழகான நுட்பம் இருக்கிறது. கையை எந்த மூட்டிலிருந்து ஆட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அதே கடிகாரம் பாரமாகவும் தோன்றும், இல்லாதது போலவும் தோன்றும். சுழலும் பொருளின் சுழற்சித் தடை, எடையோடு சேர்த்து அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. முழங்கையிலிருந்து கையை வீசினால் கடிகாரம் அச்சிலிருந்து 25 செ.மீ. தொலைவில் இருக்கிறது. முன்கையையே அதன் நீள அச்சில் உருட்டி மீட்டினால் தூரம் வெறும் 3 செ.மீ. இரண்டுக்கும் இடையே சுழற்சித் தடையில் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ எழுபது மடங்கு. புதிதாகக் கற்பவர்கள் தோளும் முழங்கையும் சேர்த்து வீசுவார்கள். தேர்ந்தவர்கள் சாவியைத் திருப்புவது போல முன்கையை உருட்டுவார்கள். கனத்த கடிகாரத்தோடு சிலர் இலகுவாக வாசிப்பதன் ரகசியம் இதுதான். கற்கும் பருவத்தில் வலக்கையில் எடை வேண்டாம் என்பதற்கான காரணமும் இதுவே.

இறுக்கமாக உள்ள பொருள் கையோடு சேர்ந்து நகரும். தளர்வாக உள்ள பொருள் கை திரும்பிய பிறகும் பழைய திசையிலேயே போய், கையிலோ கிட்டாரிலோ மோதித்தான் திரும்பும். கண்ணாடி வளையல்களின் கிணுகிணுப்பு இப்படி எழுவதுதான். அந்த ஒலி காதுக்கு இனிமையாக இருக்கலாம். ஆனால் தந்திகளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்த ஒலிப்பதிவு மைக்குக்கு, கிட்டாரும் வளையலும் ஒன்றே. பதிவான பிறகு இரண்டையும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மெல்லிய சங்கிலி பிரேஸ்லெட்டில் வேறொரு ஆபத்து உண்டு. மிக மெல்லிய முதல் தந்தியின் அடியில் கண்ணி மாட்டிக்கொண்டால் தந்தி அறும், அல்லது சங்கிலி அறும்.

நம் வீணையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கை நிறைய வளையலோடு வீணை வாசிக்கும் பெண்களை நம் சபாக்களில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். வீணையில் வலது முன்கை குடத்தின்மேல் ஊன்றி நிற்கிறது. மீட்டுவது விரல்கள் மட்டுமே. மணிக்கட்டு வீசப்படுவதில்லை. ஆகவே வளையல்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். கிட்டாரிலும் கையை வீசித் தந்திகளை ஒருசேர மீட்டும் ஸ்ட்ரம்மிங் இல்லாமல் விரல்களால் மட்டும் மீட்டும் பாணியில் வளையல் தொல்லை பெருமளவு குறைந்துவிடும். புதிதாகச் சேரும் பெண்ணிடம் வளையலைக் கழற்றச் சொல்வதற்குப் பதிலாக, விரல்மீட்டலில் பாடத்தைத் தொடங்கும் வழியும் ஆசிரியருக்கு இருக்கிறது.

வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டால் போதாதா என்று தோன்றும். அது தவறு. மேலே ஏற்றினால், கிட்டாரின் விளிம்பில் கை படியும் இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மரமும் கீறலாகும்; அழுத்தத்தில் கண்ணாடி உடைந்தால் கையும் கிழியும். சரியான இடம், விளிம்பில் படியும் புள்ளிக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே. அங்கே நிறுத்தி மேலே துணியால் பிடித்துவிட வேண்டும். புனேப் பெண்களின் கைப்பையில் அதற்கான பொருள் எப்போதும் இருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டும்போது வெயிலுக்காகப் போட்டுக்கொள்ளும் நீளமான பருத்திக் கையுறைதான் அது. விரல் பகுதியை வெட்டிவிட்டால் வளையல்களை அடக்கி வைக்கும் உறை தயார். கடாவுக்கும் இதே வழிதான். விளையாட்டு வீரர்கள் போடும் துணிப்பட்டை போதும். கழற்றவும் வேண்டாம், ஒலிக்கவும் செய்யாது.

வலக்கை மோதிரத்திலும் பார்க்க வேண்டியது தளர்வையே. விரலோடு பொருந்திய மோதிரத்தில் கல் வெளிப்பக்கமே நிற்கும். லூசான மோதிரமோ வாசிக்க வாசிக்கச் சுழன்று கல்லை உள்ளங்கைப் பக்கம் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து கிட்டாரின் முகப்புப் பலகைக்கு எட்டும் தூரம்தான்.

மார்பு: கடினம்

ஒன்று மற்றொன்றைக் கீறுமா என்பதை அளக்க 1812-இல் ஃபிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் ஓர் அளவுகோலை வகுத்தார். கடினமானது மென்மையானதைக் கீறும் என்ற எளிய விதியில் அமைந்தது அது. அந்த அளவுகோலில் நம் நகம் ஏறக்குறைய 2.5. தங்கமும் வெள்ளியும் 2.5 முதல் 3. கண்ணாடி 5.5. கோமேதகம் 7 ஒட்டி. மரகதம் 7.5 முதல் 8. வைடூரியம் 8.5. மாணிக்கம், நீலம், கனக புஷ்பராகம் மூன்றும் குருந்தம் என்ற ஒரே கனிமத்தின் வண்ணங்கள், கடினம் 9. விலையுயர்ந்த கடிகாரங்களின் முகப்பில் இருக்கும் சஃபையர் கண்ணாடியும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். வைரம் 10, குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் முகப்பு ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரத்தால் ஆனது. தடிமன் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். நகத்தால் அழுத்தினாலே தடம் பதியும் அளவுக்கு மென்மையான மரம். அதிராத பலகை பாடாது என்பதால்தான் இத்தனை மெல்லியதாக, இலேசானதாகச் செய்கிறார்கள். வில்லி நெல்சன் என்ற அமெரிக்கப் பாடகரின் 'டிரிகர்' என்ற மார்ட்டின் கிட்டாரில், பல்லாண்டுகள் தந்தியை மீட்டும் பிக் உரசியதில் முகப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது. வைரம் எதுவும் தேவைப்படவில்லை. மரத்துக்கும் உலகத்துக்கும் நடுவே இருப்பது சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மேற்பூச்சுதான். நவரத்தினங்களில் எது பட்டாலும் அது கீறும்.

மார்போடு சாய்ந்திருக்கும் முதுகுப் பலகையில் கீறல் விழுவது பெரும்பாலும் நாம் பார்க்காத நேரத்தில். சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, ஜாக்கெட் ஜிப், கழுத்து நகை. மராத்திய மங்களசூத்திரத்தில் கருமணிகளுக்கு நடுவே இரண்டு சிறு தங்கக் கிண்ணங்கள் தொங்கும். பிறந்த வீட்டுக்கு ஒன்று, புகுந்த வீட்டுக்கு ஒன்று என்று சொல்வார்கள். உள்ளே குழிந்த அவை தாளத்துக்கு ஏற்ப முதுகுப் பலகையைத் தட்டினால், கிட்டாரின் உடல் அந்தத் தட்டலையும் பெருக்கிக் காட்டும். உடைக்குள் விட்டுக்கொண்டாலே கீறலும் ஒலியும் இரண்டும் நின்றுவிடும்.

மேற்பூச்சின் வேதியியலில் புனேக்கு நேரடியான ஒரு தொடர்பு உண்டு. 1920-களிலிருந்து அமெரிக்கக் கிட்டார்களில் பரவலான பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சையோ மரக்கூழையோ நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து எடுக்கும் பொருள் அது. வெடிமருந்தில் பயன்படுவதும், 1950-களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருளாகப் பயன்பட்டதும் இதே குடும்பம்தான். புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் சேமித்து வைத்திருந்த நைட்ரேட் படச்சுருள்கள் 2003 ஜனவரியில் தீக்கிரையாகி, இந்திய சினிமாவின் தொடக்ககாலச் செல்வங்கள் பல அழிந்தன. கிட்டாரின் மெல்லிய பூச்சு அப்படித் தானாகத் தீப்பிடிக்காது. ஆனால் அந்தக் குடும்பத்தின் இன்னொரு பலவீனம் அதற்கும் உண்டு: சில பொருள்கள் பட்டாலே அது இளகிவிடும்.

வினைல் போன்ற பிளாஸ்டிக்குகளை வளையவைக்க அவற்றில் மென்மையாக்கும் எண்ணெய்ப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கில் நிலைத்து நிற்காமல் மெல்ல வெளியே கசியும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் பட்டால் அதற்குள் ஊடுருவிப் பிசுபிசுப்பாக்கும். பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் வினைல் தோள்பட்டையையும் ரப்பர் தாங்கியையும் தவிர்ப்பது இதனால்தான். பிளாஸ்டிக் பட்டை போட்ட கடிகாரத்தைக் கழற்றி, கிட்டார்ப் பெட்டிக்குள் முகப்பின்மேல் வைத்து மூடிவிடுவது, அதைக் கையில் கட்டியே வாசிப்பதைவிட மோசமான பழக்கம். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கிட்டார்களில் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சுதான். அவற்றின் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து வலையாக நிற்பதால் இந்த இளகல் பிரச்சினை வெகு குறைவு.

வியர்வை

ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழைக்காலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்க, பட்டைக்கு அடியில் ஊறும் வியர்வை காயாமலே நிற்கும். வியர்வையில் உள்ள உப்பு உலோகங்களை மெல்ல அரித்து அயனிகளாகக் கரைக்கிறது. அவற்றில் கவனிக்க வேண்டியது நிக்கல். சிலரின் உடலில் நோய் எதிர்ப்பு அமைப்பு நிக்கலைப் பகையாக அடையாளம் கண்டுவிட்டால், பிறகு அது பட்ட ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, தடித்து, அரிக்கும். முலாம் பூசிய நகைகளில் தங்க நிறத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பதுண்டு. துள்சிபாக் கடைத்தெருவில் ஆசையோடு வாங்கும் வளையலும் சில மாதத்தில் முலாம் தேய்ந்தால் அதை வெளிக்காட்டலாம். தோலோடு நீண்டநேரம் ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது.

கிட்டார்க்காரர்களுக்கு இது இரட்டைச் சோதனை. வழக்கமான ஃபிரெட் கம்பியில் சுமார் 18 சதவீதம் நிக்கல். எலெக்ட்ரிக் கிட்டாரின் தடித்த தந்திகளில் நிக்கல் முலாம். கடிகாரத்தின் அடியிலும் விரல் நுனியிலும் ஒரே காலத்தில் அரிப்பு வந்தால், காரணம் ஒன்றாகவே இருக்கலாம். தோல் மருத்துவர் செய்யும் ஒட்டுச் சோதனையில் அது உறுதியாகும். அப்படித் தெரிந்தால் கடிகாரப் பட்டையை மாற்றுவதோடு நிறுத்தாமல், துருப்பிடிக்காத எஃகுத் தந்திகளையும் நிக்கல் கலக்காத செம்புக் கலவை ஃபிரெட்டுகளையும் நாடலாம்.

முத்தும் பவளமும் போட்டவர்களுக்கு வேறு விதமான எச்சரிக்கை. இவை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வியர்வையின் இலேசான அமிலத்தன்மைக்கே மெல்ல மங்கிப்போகும். இங்கே கழற்றி வைப்பது கிட்டாருக்காக அன்று, முத்துக்காக.

மின்சாரம் பாயும் கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற செம்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்றுகளும் இருக்கின்றன. இந்த அமைப்புக்குப் பிக்கப் என்று பெயர். 1931-இல் ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்த கிட்டார்கள் தொட்டு இன்றுவரை தத்துவம் ஒன்றே: எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, மாறும் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஆனால் மாறும் காந்தப்புலம் எங்கிருந்து வந்தாலும் அந்தச் சுருளுக்கு ஒன்றுதான்.

முள் உள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அதை எண்ணி, நொடிக்கு ஒருமுறை ஒரு குட்டி மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புகிறது. ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கூட்டிவைத்து, ஒற்றைச் சுருள் பிக்கப்பின் மேல் அப்படியொரு கடிகாரத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை டிக் என்ற ஒலி ஸ்பீக்கரில் கேட்கும். கடிகாரத்தைச் சற்று விலக்கினால் உடனே மறைந்துவிடும். காந்தப்புலம் தூரத்தோடு அத்தனை வேகமாகத் தேய்கிறது. ஆகவே மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்தால் மேடையில் பெரிய தொல்லை இல்லை. ஒலிப்பதிவு அறையில் மட்டும் கழற்றிவிடுங்கள். 1950-களின் நடுவில் கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் உருவாக்கிய இரட்டைச் சுருள் பிக்கப்பில் வெளியிலிருந்து வரும் இரைச்சல் பெருமளவு ரத்தாகிவிடும்.

சாவி கொடுத்து ஓடும் மெக்கானிக்கல் கடிகாரத்துக்கு ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. அதன் உயிர்நாடியான மெல்லிய சுருள்வில் காந்தமேறினால் சுருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும். கடிகாரம் வேகமாக ஓடத் தொடங்கும். வாசிக்கும் முன் அதைக் கழற்றி ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைப்பவர்கள் பலர். உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் காந்தம் பிக்கப் காந்தத்தைவிடப் பன்மடங்கு பெரியது. கழற்றியதைச் சட்டைப்பையில் போடுங்கள்.

இதுவரை சொன்னவை கீறலும் இரைச்சலும். உயிரைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயர் வழியாக மண்ணோடு இணைக்கப்பட்டவை. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கில் மாட்டிய மைக்கிலோ ஆம்ப்ளிஃபயரிலோ மின்கசிவு இருந்து, பாடகர் ஒரு கையால் தந்தியையும் உதட்டால் மைக்கையும் தொட்டால் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972-இல் ஸ்வான்சி நகர மேடையில் மைக்கைத் தொட்டபோது இப்படி மின்சாரம் பாய்ந்துதான் இறந்தார். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வியர்வையில் நனைந்த தோலின்மேல் இறுகிய உலோகப் பட்டையும் காப்பும் மோதிரமும் மின்சாரம் நுழையும் பரப்பை அதிகமாக்கி, தோலின் தடையைக் குறைத்துவிடும். கணேச உற்சவம் மழைக்காலத்தில் வருகிறது. பந்தல்களில் தற்காலிகக் கம்பிகள், ஈரத் தரை, நெரிசல். அங்கே வாசிக்கும் இளைஞர்கள் உலோகம் அனைத்தையும் கழற்றிவிடுவதே முறை. அதற்கு முன்னால், மேடையில் எர்த் இருக்கிறதா, 30 மில்லியாம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

உலோகம் இசைக்குப் பகையல்ல

நம் இசையில் விரலில் உலோகம் அணிவது புதிதல்ல. சிதாரும் தம்பூராவும் செய்வதற்குப் பெயர்பெற்ற மிரஜ் நகரம் இதே மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அந்த வாத்தியங்களுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிதார் வாசிப்பவர் ஆள்காட்டி விரலில் மாட்டும் மிஸ்ராப், எஃகுக் கம்பியை முறுக்கிச் செய்தது. ஹவாய் கிட்டாரை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்த பிரிஜ் பூஷண் காப்ராவும், மோகன வீணை வாசித்த இசைத்தொகுப்புக்காக 1994-இல் கிராமி விருது பெற்ற விஸ்வமோகன் பட்டும் இடக்கையில் எஃகுத் துண்டைத் தந்திமேல் வழுக்கித்தான் ராகம் வாசித்தார்கள். மிஸ்ராப் விரல் நுனியில் அசையாமல் பொருந்தியிருக்கிறது. தந்தியைத் தவிர எதையும் தொடுவதில்லை. எடை ஒன்றிரண்டு கிராம்தான். இறுக்கம், தளர்வு, கடினம் மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது.

எனவே கிட்டார் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. முதல் வகுப்பில் எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று சொல்லாமல், ஒவ்வொருவர் கையையும் பார்த்துச் சொல்லுங்கள். இடக்கைக் கடிகாரத்தையும் வலக்கைச் சங்கிலியையும் கழற்றச் சொல்லுங்கள். வலக்கை வளையலுக்கும் கடாவுக்கும் துணி போடச் சொல்லுங்கள். சுழலும் மோதிரத்தை நகைக்கடையில் கொடுத்து அளவு சரிசெய்யச் சொல்லுங்கள். கழுத்து நகையை உடைக்குள் விடச் சொல்லுங்கள். இடக்கை வளையலை அப்படியே விடுங்கள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் கிட்டாருக்கும் கைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. பச்சை வளையலோடு வந்த பெண்ணும், கடாவோடு வந்த இளைஞரும், அடுத்த வாரம் தயக்கமில்லாமல் வகுப்புக்குத் திரும்பி வருவார்கள்.